ஒழுக்கம்: ஒரு சொல்லின் ஓட்டமும் தேக்கமும்

'அவர் ஒழுக்கமானவர்' என்று ஒருவரைப் பற்றி நம்மிடம் கூறப்பட்டால் நாம் என்ன பொருள் கொள்கிறோம்? அவர் குடிப்பதில்லை, பிற பெண்களை நாடுவதில்லை, ஞாயிறு திருப்பலிக்குத் தவறுவதில்லை. பெரும்பாலும் இவ்வளவே. அவர் தம் வயலில் உழைத்தவருக்கு உரிய கூலியை உரிய நாளில் தருகிறாரா, அலுவலகத்தில் கையூட்டு வாங்குகிறாரா, தம்மிலும் தாழ்ந்தவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்தவரின் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் அருந்துவாரா என்பவையெல்லாம் அச்சொல்லின் எல்லைக்குள் வருவதில்லை. 'ஒழுக்கம் கெட்டவள்' என்னும் தொடரோ இன்னும் குறுகியது. அதற்கு ஒரே பொருள்தான். அதுவும் பெண்ணின்மேல் சுமத்தப்படும் பொருள். அதே குற்றத்தில் அவளோடு பங்குபெற்ற ஆணுக்கு அத்தகைய வசைச்சொல் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

தமிழின் அறச் சொற்களுள் தலையாய ஒன்று இவ்வாறு சுருங்கிப்போனது எவ்வாறு? அது பிறந்தபோது எப்படி இருந்தது? இடையில் அதற்கு அணை கட்டியவர் யார்? இவ்வினாக்களை இலக்கிய மாணவரின் வினாக்களாக மட்டும் கருதலாகாது. நம் குழந்தைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் எதை ஒழுக்கம் என்று கற்பிக்கிறோம் என்பதும் இவற்றுள் அடங்கியிருக்கிறது.

ஓடும் நீரின் சொல்

'ஒழுக்கம்' என்னும் பெயர் 'ஒழுகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒழுகுதல் என்றால் நீர் இடையறாது ஓடுதல். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அந்த ஒழுகுதலும் இதுவே. மலையாளத்தில் இன்றும் ஆற்றின் நீரோட்டத்துக்கு 'ஒழுக்கு' என்றே பெயர். தமிழில் மட்டும் அந்த நீரோட்டம் மனிதரின் வாழ்வோட்டத்தைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது.

ஓட்டம் என்பதோடு வேறு இரு கருத்துகளும் இச்சொல்லில் தொடக்கத்திலேயே கலந்திருந்தன. தொல்காப்பியத்தின் உரியியல், வார்தல், போகல், ஒழுகல் ஆகிய மூன்று சொற்களுக்கும் நேர்மையும் நெடுமையும் பொருள் என வகுத்துக் கூறுகிறது. அங்கே நேர்மை என்பது வளைவின்மை. நெடுமை என்பது நீட்சி. கோணாமல் செல்வதும், இடையில் அறுந்துபோகாமல் நீண்டு செல்வதும் ஒழுகல். சங்கப் பாடல்களில் உப்பு வணிகரான உமணரின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்வதை 'ஒழுகை' என்றனர். வரிசையைக் குறிக்கும் 'ஒழுங்கு' இச்சொல்லின் உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்துத் தமிழர் தம் வேலிகளுக்கிடையே நீண்டு செல்லும் குறுகிய தெருவை 'ஒழுங்கை' என்று இன்றும் வழங்குகின்றனர். ஆறு, வண்டி வரிசை, தெரு ஆகிய மூன்றிலும் ஒரே கருத்து ஓடக் காணலாம்: தொடர்ந்து, நேராக, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லுதல்.

இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் ஒன்றுண்டு. ஒழுக்கம் என்பது தனியொரு செயல் அன்று. ஒருநாள் பசித்தவனுக்குச் சோறிட்டது நற்செயல். அது இன்னும் ஒழுக்கம் ஆகவில்லை. நாள்தோறும், பிறர் காணும்போதும் காணாதபோதும், ஒரே திசையில் ஓடும் வாழ்வுக்கே அப்பெயர் பொருந்தும். ஓட்டை வாளியிலிருந்து சொட்டும் நீரை எவரும் ஆறு என்பதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். சொற்பிறப்பைக் கொண்டு சொல்லின் இன்றைய பொருளை முடிவுசெய்யலாமா? கூடாது. சொற்கள் வழங்குவோர் வாயில் வளர்கின்றன. பிறந்த இடத்திலேயே அவற்றைக் கட்டிவைக்க எவராலும் இயலாது. ஆனால் ஒரு சொல் எவற்றையெல்லாம் தாங்கிநின்றது, எவற்றை இழந்தது என்று கணக்கிடுவதற்குச் சொற்பிறப்பு நல்ல சாட்சி. சாட்சியை நீதிபதியாக்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் வாயை அடைத்துவிடவும் கூடாது.

நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாக

தொடக்கத்தில் ஒழுக்கம் என்பது நல்லதை மட்டும் குறித்த சொல் அன்று. பழைய உரையாசிரியர்கள் 'திணை' என்னும் சொல்லுக்கே ஒழுக்கம் என்று பொருள் எழுதினர். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல் என்று வகுக்கப்பட்ட ஐந்தும் ஒழுக்கங்களே. பெற்றோர் அறியாமல் இருவர் உள்ளம் கலப்பது களவொழுக்கம். ஊரறிய மணந்து வாழ்வது கற்பொழுக்கம். தலைவன் தலைவியை விட்டுப் பரத்தையை நாடுவதையும் பழைய துறைக் குறிப்புகள் 'புறத்தொழுக்கம்' என்றே கூறுகின்றன. இன்று நாம் எதை ஒழுக்கக்கேடு என்கிறோமோ, அதற்கும் அன்று ஒழுக்கம் என்ற பெயரே வழங்கியது.

இது நம் முன்னோரின் அறவுணர்வு மழுங்கியிருந்ததைக் காட்டுவதன்று. அவர்கள் முதலில் வாழ்வோட்டத்துக்குப் பெயரிட்டனர். பின்னர் அவ்வோட்டம் நல்லதா தீயதா என ஆராய்ந்தனர். ஆற்றுக்குப் பெயர் வைத்த பின்புதானே அதன் நீர் குடிக்கத்தக்கதா என்று பார்க்க இயலும்? திருக்குறளிலும் இந்தப் பழைய பொதுமை எஞ்சியிருக்கிறது. 138ஆம் குறள் நல்லொழுக்கம் என்றும் தீயொழுக்கம் என்றும் இரண்டைப் பிரித்து, முன்னது நன்மைக்கு வித்து, பின்னது என்றும் துன்பம் தருவது என்கிறது. அடைமொழி இல்லாமல் வரும் இடங்களில் 'ஒழுக்கம்' நல்லொழுக்கத்தையே குறிக்கிறது. நடுநிலையில் இருந்த சொல் நன்மையின் பக்கம் சாய்ந்து நின்ற காலத்தை நாம் அந்நூலில் காண்கிறோம்.

வழுக்கு நிலமும் ஊன்றுகோலும்

ஒழுக்கமுடைமை குறளின் 14ஆம் அதிகாரம். அதன் முதற்குறள் ஒழுக்கத்தை உயிரினும் மேலாகக் காக்கச் சொல்கிறது. அது எல்லாரும் அறிந்தது. பலரும் கவனியாத ஒன்றுண்டு. ஒழுக்கத்துக்கு எதிராக வள்ளுவர் அவ்வதிகாரத்தில் நிறுத்தும் சொல் 'இழுக்கம்'. இழுக்கம் என்பதன் அடிப்பொருள் வழுக்குதல். 415ஆம் குறளில், ஒழுக்கமுடையவரின் வாய்ச்சொல் வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு ஊன்றுகோலைப் போன்றது என்கிறார். ஆக, இரண்டுமே இயக்கத்தின் சொற்கள். ஒன்று நேரே செல்லுதல். மற்றொன்று கால் சறுக்குதல். வள்ளுவரின் கண்ணில் மனிதன் நடந்துகொண்டிருப்பவன். அவன் சறுக்கலாம், சறுக்கியவனுக்கு நீட்டப்படும் கோலும் உண்டு. சறுக்கியவனை மிதிப்பதற்கு அக்கோல் தரப்படவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்வது நன்று.

அதிகார வைப்பு முறையும் நோக்கத்தக்கது. ஒழுக்கமுடைமையை அடுத்து வருவது பிறனில் விழையாமை. பிறன் மனைவியை விரும்பாமை தனி அதிகாரமாக வகுக்கப்பட்டிருப்பதால், முந்தைய அதிகாரத்தின் ஒழுக்கம் பாலியல் தூய்மை ஒன்றோடு முடிந்துவிடவில்லை என்பது தெளிவு. மேலும், அந்தப் பதினைந்தாம் அதிகாரம் பேசுவது ஆணிடம். பிறன் வாயிலில் சென்று நிற்கும் ஆண்மகனிடம். பெண்ணின் கற்பை வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தில் பேசாமல் இல்லை. ஆனால் ஒழுக்கம் என்னும் தலைப்பின் கீழ் அவர் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை.

பின்னர் 28ஆம் அதிகாரத்தில் 'கூடாவொழுக்கம்' வருகிறது. உள்ளத்தோடு கூடாத ஒழுக்கம், அதாவது பொய்த்துறவு. வெளியே சிவந்தும் மூக்கிலே கறுத்தும் இருக்கும் குன்றிமணி, புதரில் மறைந்திருந்து பறவை பிடிக்கும் வேடன், புலித்தோல் போர்த்த பசு என்று அங்கே உவமைகள் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் 279ஆம் குறள் தனிச்சிறப்புடையது. அம்பு நேரானது, ஆனால் கொடியது; யாழ் வளைந்தது, ஆனால் இனியது; அதுபோல மனிதரையும் வடிவைக்கொண்டு அளவாமல் செயலைக்கொண்டு அளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நேராகச் செல்வதே ஒழுகல் என்று மேலே கண்டோம். அந்த நேர்மை தோற்றத்தின் நேர்மை அன்று என்று வள்ளுவரே இங்கு எச்சரிக்கிறார். வெள்ளுடையும் தாழ்ந்த பார்வையும் அம்பின் நேர்மையாகவும் இருக்கக்கூடும்.

உரை கட்டிய அணை

இவ்வளவு விரிந்த சொல் எங்கே தேங்கியது? பரிமேலழகரின் உரையில் என்பதே என் முடிபு. இதைக் கூறும்போது அப்பேருரையாசிரியரின் புலமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குறளின் நுட்பங்களை அவர் வழியாகவே பல தலைமுறைகள் கற்றன; இன்றும் கற்கின்றன. ஆனால் அவரது உரையில் இவ்விடத்தில் ஒரு முரண்பாடு உண்டு.

நூலின் தொடக்கத்தில் அவர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுக்கிறார். அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நிலைகளில் நின்று, அவற்றுக்கு ஓதிய அறங்களில் வழுவாது நடப்பதே ஒழுக்கம் என்று அங்கே விளக்கம் தருகிறார். அடுத்த நொடியே மற்றொன்றையும் ஒப்புக்கொள்கிறார். அவ்வறங்கள் வருணந்தோறும் வேறுபடுவன. ஆதலால் அச்சிறப்பியல்புகளை ஒழித்து, எல்லார்க்கும் பொருந்தும் பொதுவியல்பு பற்றியே வள்ளுவர் இல்லறம், துறவறம் என வகுத்தார் என்கிறார். வள்ளுவர் வருணத்தை விலக்கிப் பொதுமையை மேற்கொண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமோ? அப்படியிருந்தும் ஒழுக்கமுடைமை அதிகாரத்துக்கு வந்தவுடன், ஒழுக்கமாவது தத்தம் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்டது என்று எழுதிவிடுகிறார். வாயிலில் விலக்கப்பட்டது சன்னல் வழியாக உள்ளே வந்தது.

இதன் விளைவை 133ஆம் குறளுக்கு அவர் கண்ட உரையில் காணலாம். ஒழுக்கமுடைமையே குடிமை, இழுக்கம் இழிந்த பிறப்பாகிவிடும் என்பது குறளின் செய்தி. பிறப்பால் வருவதாக உலகம் கருதிய உயர்வை நடத்தையிடம் ஒப்படைக்கும் துணிவு அக்குறளில் இருக்கிறது. பரிமேலழகரோ, பிறந்த வருணத்துக்குள்ளே இழிந்த குலத்தவராயினும் ஒழுக்கத்தால் உயர்குலத்தவர் ஆவர் என்றும், உயர்ந்த வருணத்தில் பிறந்தாரும் ஒழுக்கம் தவறினால் தாழ்ந்த வருணத்தவர் ஆவர் என்றும் விளக்குகிறார். ஊன்றிப் பார்த்தால் உயர்வும் வீழ்ச்சியும் இங்கே ஒரே அளவினவல்ல. வீழ்பவன் ஒரு வருணத்திலிருந்து மற்றொரு வருணத்துக்கு வீழ்கிறான்; உயர்பவனோ தன் வருணத்தின் வேலிக்குள்ளேயே உயர வேண்டும். ஏணி குட்டையானது, பள்ளமோ ஆழமானது. மூலத்தில் இந்த வேலி இல்லை.

குறளிலேயே இதற்கு இடமிருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். 134ஆம் குறள் பார்ப்பானையும் பிறப்பையும் குறிப்பிடுகிறதே? உண்மைதான், வள்ளுவர் வாழ்ந்த உலகில் பிறப்புப் பற்றிய பேச்சு இருந்தது. ஆனால் அக்குறள் அதைக் கொண்டு என்ன செய்கிறது? கற்ற மறையை மறந்தால் மீண்டும் கற்கலாம். ஒழுக்கம் குன்றினால் பிறப்பின் சிறப்பு அழியும் என்கிறது. தன்னைப் பிறப்புக் காக்கும் என்று நம்பியிருப்பவனிடமே, அது காக்காது என்று சொல்லப்படுகிறது. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்தது என்று 972ஆம் குறளில் உரைத்தவரின் நெஞ்சம் இங்கும் மாறுபடவில்லை.

ஆசாரம் என்னும் அண்டை வீட்டுச் சொல்

ஒழுக்கத்தோடு நெடுங்காலம் ஒட்டி வாழ்ந்த மற்றொரு சொல் வடமொழியிலிருந்து வந்த 'ஆசாரம்'. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. எப்போது நீராடுவது, எத்திசை நோக்கி உண்பது, பெரியோர்முன் எவ்வாறு நிற்பது என்று நூறு பாடல்களில் அது விதி வகுக்கிறது. அவற்றுள் இன்றும் கொள்ளத்தக்க நல்ல பழக்கங்கள் பல. விருந்தினர்க்கும் முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் முதலில் உணவு தந்து பின்னர் உண்ணும்படி கூறும் அறிவுரையை எவர் மறுப்பர்?

ஆனால் நீராட வேண்டிய பத்து நேரங்களைத் தொகுக்கும் பாடலில், கீழ்மக்கள் என்று அது அழைப்போரின் உடல் தீண்டிய நேரமும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு மனிதரின் தொடுகை தீட்டாக, அத்தீட்டைக் கழுவுவது நற்பழக்கமாக ஆகிவிடுகிறது. ஒழுக்கத்துக்கும் ஆசாரத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கே வெளிப்படுகிறது. ஆசாரம் பட்டியலிடத்தக்கது; பட்டியலை முடித்தவன் தன்னைத் தூயவன் என்று கருதிக்கொள்ளலாம். ஒழுக்கம் பட்டியலில் அடங்காதது. அது பிறரை நோக்கி ஓடுவது. கலித்தொகையின் நெய்தற் பாடல் ஒன்று நற்பண்புகளை ஒவ்வொன்றாக வரையறுக்கும்போது, பண்பு என்பதைப் பிறரின் இயல்பறிந்து ஒழுகுதல் என்ற கருத்தில் விளக்குகிறது. மற்றவரை அறிவது அதன் முதற்படி. மற்றவரை விலக்குவதையே முதற்படியாகக் கொண்டது எதுவாயினும், அது பெயரளவில்தான் ஒழுக்கம்.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை சொன்னவற்றைப் பிறர் வீட்டுக் கதையாகக் கேட்டிருந்தோமானால், இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, ஆசாரம் வேறு, சமயம் வேறு என்னும் கொள்கையை முன்வைத்தார். குடுமி, பூணூல், சந்தனம் போன்றவை சமூக வழக்கங்கள். கிறிஸ்துவை ஏற்பவர் இவற்றைத் துறக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நெடிய சர்ச்சைக்குப் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்குச் சில வரையறைகளோடு இசைவளித்தார். நற்செய்தி தமிழ் உடையில் நடமாட இக்கொள்கை வழி திறந்தது. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அதே வாயில் வழியாகச் சாதி வேற்றுமையும் சமூக வழக்கம் என்ற பெயரில் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. ஆடையையும் சந்தனத்தையும் ஆசாரமென்று ஒதுக்கிவைக்கலாம். உடன்பிறந்தாரோடு ஒரே பந்தியில் அமர மறுப்பதை அப்படி ஒதுக்கிவைக்க இயலுமா?

வீரமாமுனிவர் (1680 - 1747) இச்சொல்லோடு இருவகையில் தொடர்புடையவர். உபதேசியார்களுக்கென அவர் எழுதிய உரைநடை நூலின் பெயரே 'வேதியர் ஒழுக்கம்'. வேதியர் என்னும் சொல் தமிழ் இலக்கியத்தில் அந்தணரைச் சுட்டியது. நம் திருச்சபை வழக்கிலோ, வேதத்தைக் கற்பிக்கும் பணியாளருக்கு அது பெயராயிற்று. பிறப்பைச் சுட்டிய சொல் பணியைச் சுட்டும் சொல்லாக இடம்பெயர்ந்தது சிறிய நிகழ்வன்று. மறுபுறம், 1730இல் அவர் குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். ஒரு துறவியின் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அன்பின் கூடலும் பிரிவும் ஊடலும் ஒழுக்கங்களே என்று கண்ட மரபிலிருந்து ஒரு பகுதி அங்கே அறுந்துபோனது. உடலன்பு பற்றிப் பேசுவதே ஒழுக்கக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் வலுவாக இருக்கிறது. பேசப்படாதது அச்சத்தின் பொருளாகிறது; அச்சம் பெரும்பாலும் பெண்ணைக் காவல் செய்வதில் முடிகிறது. விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒருத்தியை இயேசுவின்முன் நிறுத்தியவர்கள் (யோவா 8) அந்த ஆணை உடன் அழைத்துவரவில்லை. நம் மொழி வழக்கும் அவனை இன்றுவரை அழைத்துவரவில்லை.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில், இறைமக்களைச் சாதியால் பிரித்துக் கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் நின்றது. அது 1910இல் இடிக்கப்பட்டது. தங்கள் உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அந்த வழக்காடிகளைத் தீயவர் என்று எளிதாக ஒதுக்கிவிட இயலாது. செபமாலை சொன்னவர்கள், நோன்பிருந்தவர்கள், திருவிழாவுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் அவர்களுள் இருந்திருப்பர். ஊர் அளவுகோலின்படி ஒழுக்கமுடையவர்கள். அதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்ய வேண்டியது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்பேறு பற்றிய கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பாவம் என்று அறிவித்தது. சுவர் இடிந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியோர் அறிக்கை தேவைப்பட்டது என்றால், கல்லைவிடச் சொல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலகத்தோடு ஒத்துப்போதல்

ஒழுக்கமுடைமையின் இறுதிக் குறள் (140) உலகத்தோடு பொருந்த நடக்க அறியாதவர், பல கற்றும் அறிவில்லாதவர் என்கிறது. திருத்தூதர் பவுலோ உரோமையருக்கு எழுதும்போது (உரோ 12:2), உலகின் போக்கில் செல்லாமல் உள்ளம் புதுப்பிக்கப்பட்டு மாற்றமடையுமாறு வேண்டுகிறார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அவ்விடத்துக்கு 'ஒழுகு' என்னும் வினையே தேர்ந்துகொள்ளப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஒரே வினைச்சொல், ஒருவர் உலகத்தோடு என்கிறார், மற்றவர் உலகின்படி வேண்டாம் என்கிறார். குறளையும் விவிலியத்தையும் ஒருங்கே போற்றும் தமிழ்க் கத்தோலிக்கர் இம்முரணை எளிதில் தாண்டிவிட முடியாது.

உரையாசிரியர் மரபு ஒரு தீர்வு தருகிறது. தமிழில் 'உலகம்' என்பது பல இடங்களில் உயர்ந்தோரைக் குறிக்கும். ஆகவே உயர்ந்தோர் வழியில் நடக்க வேண்டும் என்பதே பொருள் என்பர். நல்ல விளக்கம்தான். ஊரார் அனைவரும் செய்வதை நாமும் செய்வது ஒழுக்கம் என்ற தவறான பொருளை அது தடுக்கிறது. ஆனால் உயர்ந்தோரே சறுக்கும்போது என்ன செய்வது? அவ்வினாவுக்கு அவ்வுரையில் விடை இல்லை. அதற்கான விடை கலாத்தியர் திருமுகத்தில் இருக்கிறது.

அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

அந்தியோக்கியாத் திருச்சபையில் யூதரும் பிற இனத்தாரும் சேர்ந்து உண்டனர். அங்கு வந்த பேதுருவும் அவர்களோடு உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆள்கள் சிலர் வந்தனர். விருத்தசேதனத்தை வலியுறுத்தியோருக்கு அஞ்சி, பேதுரு பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும், பர்னபாவும்கூட விலகினர் (கலா 2:11-14).

பேதுரு அன்று செய்தது முன்னோர் மரபின்படி ஆசாரம்; தம் இனத்தாரோடு ஒத்துப்போதல். வாதாடவும் இல்லை, எவரையும் வைதாரும் இல்லை. இடம் மாறி அமர்ந்தார், அவ்வளவே. அவர் திருச்சபையின் உயர்ந்தோருள் தலையானவர். ஆயினும் பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். அப்போது அவர் கையாண்ட கிரேக்க வினை 'நேர்' என்பதும் 'கால்' என்பதும் சேர்ந்து உருவானது. நற்செய்தியின் உண்மையை நோக்கி அவர்கள் நேராகக் காலெடுத்து வைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. அதே திருமுகத்தில் (கலா 5:25) தூய ஆவியாரோடு இசைந்து நடக்குமாறு கூறும் இடத்தில் வரும் கிரேக்க வினையோ, வரிசையாக அடி பெயர்த்தல் என்னும் பொருளில் பிறந்தது. தொல்காப்பியம் ஒழுகலுக்குக் கூறிய நேர்மையும், உமணர் ஒழுகையின் வரிசையும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றன. இரு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டிலும் மனித அனுபவம் ஒரே உருவகத்தைக் கண்டடைந்திருக்கிறது. யூத மரபும் தன் வாழ்வுநெறிச் சட்டங்களை 'நடத்தல்' என்னும் பொருளுள்ள 'ஹலாக்கா' என்ற சொல்லாலேயே அழைத்தது. நாமும் நடத்தை என்கிறோம்.

ஆனால் பவுல் அந்த உருவகத்துக்கு ஒரு திசையைச் சேர்க்கிறார். நேராக நடப்பது மட்டும் போதாது. எதை நோக்கி நேராக என்பதே வினா. அம்பும் நேராகத்தான் செல்கிறது. நற்செய்தியை நோக்கிய நடை, ஒதுக்கப்பட்டவரின் பந்தியை நோக்கிச் செல்லும் நடை. பேதுருவின் பிழை உணவு பற்றியதாகத் தோன்றினும், அது உண்மையில் உடன் அமர்வது பற்றியது. அதை அறியாமைக் குறை என்றோ பழக்கவழக்க வேற்றுமை என்றோ பவுல் தள்ளிவிடவில்லை. ஒழுக்கத்தின் நடுவிடத்திலேயே அதை வைத்தார்.

இப்போது நாம் முதலிற் கேட்ட வினாவுக்குத் திரும்பலாம். சொல் சுருங்கியது மூன்று படிகளில் என்று தோன்றுகிறது. வாழ்வின் முழு ஓட்டத்தைக் குறித்த சொல், முதலில் பிறப்புக்கு ஏற்ப விதிக்கப்பட்ட கடமையாயிற்று. பின்னர் தீட்டும் தூய்மையும் பற்றிய ஆசாரத்தோடு கலந்தது. இறுதியில் உடலின் ஒரு பகுதியை, பெரும்பாலும் பெண்ணின் உடலை, காவல் செய்வதாக ஒடுங்கிற்று. பாலியல் நேர்மை ஒழுக்கத்தின் பகுதி அல்ல என்று நான் கூறவில்லை. அது இன்றியமையாத பகுதி. பகுதியே முழுமையாகிவிட்டது என்பதே என் முறையீடு. பகுதி முழுமையாகும்போது, எஞ்சியவற்றில் நாம் விரும்பியபடி வாழ நமக்கு நாமே உரிமம் வழங்கிக்கொள்கிறோம்.

இதைச் சரிசெய்ய அகராதி எழுதுவோரால் இயலாது. மறைக்கல்வி ஆசிரியரும், மறையுரையாளரும், வீட்டில் பெற்றோரும் இச்சொல்லை எந்த வாக்கியத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதிலேயே அது இருக்கிறது. கூலியைக் குறைத்துக் கொடுப்பது ஒழுக்கக்கேடு என்று ஒரு குழந்தை வீட்டில் கேட்டு வளரட்டும். தேர் தங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்று மறுக்கப்பட்ட மக்களின் முன்னிலையில், அம்மறுப்பை ஒழுக்கக்கேடு என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கூறட்டும். கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கும் வேலியை ஒழுக்கக்கேடு என்றும், மனைவியை அடிக்கும் குடிக்காத கணவனை ஒழுக்கம் கெட்டவன் என்றும் நாம் வாய்திறந்து சொல்லப் பழகுவோம். முதலில் நாக்கு கூசும். கேட்பவர்க்கும் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றும். ஆயினும் சொல்லின் பழைய பொருளுக்கு அது மாறானதன்று. தேங்கிய நீருக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் போதும். ஓடுவது எப்படி என்று நீருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.